படிப்பகமும் பட்டிமண்டபமும்

நூலகம் என்றவுடன் நம் கண்முன் நிற்பது, 'அமைதி காக்க' என்னும் பலகையேயாகும். இளமையில் நாமும் ஒரு நூலகத்தில் நண்பர் ஒருவருடன் நாளிதழ்ச் செய்தி பற்றி இரண்டு சொல் பேசியதற்காக வெளியேற்றப்பட்டதுண்டு. அன்று தவறு நம்முடையதே என்று நாணித் தலைகுனிந்தோம். ஆயினும், படித்ததைப் பற்றிப் பேச நூலகத்தில் இடமில்லையென்றால் வேறெங்கே இடமுண்டு என்னும் ஐயம் அன்று நம் உள்ளத்தில் விழுந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் புகைவண்டி நிலைய எழுத்தராய் வாழும் நாம், அவ்வையத்திற்கு வரலாற்றில் விடை தேடியதன் பயனே இக்கட்டுரையாகும்.

தமிழர்க்கு இது புதிதன்று. ஊர்ப் பொதுவிடத்தை மன்றம் என்றும், பொதியில் என்றும், அம்பலம் என்றும் வழங்கினர் நம் முன்னோர். ஊர் வழக்குகளும் ஊர்ச் செய்திகளும் ஆங்கேதான் பேசப்பட்டன. சாத்தனார் இயற்றிய மணிமேகலையில், இந்திரவிழாக் காலத்துப் புகார் நகரில் பல சமயத்தாரும் பட்டிமண்டபத்தில் ஏறி முறையறிந்து வாதிட அழைக்கப்படும் செய்தியைக் காண்கின்றோம். மாறுபட்ட கொள்கையினர் ஒரே மேடையில் அமர்ந்து, பகையின்றிப் பேச ஓரிடம் வேண்டும் என்று அன்றே நம்மவர் உணர்ந்திருந்தனர். அம்மண்டபத்தோடு நூல்களும் சேருமாயின் அதுவே நாம் கூறவந்த நூலகம்.

இக்கால நூலக இயக்கத்திற்குத் தமிழகத்தில் வித்திட்டவர் சீர்காழியிற் பிறந்த அரங்கநாதன் அவர்கள். கணித ஆசிரியராயிருந்த அவர் 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழக நூலகரானார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931-இல் நூலகத்தின் ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பும் பணியைத் தொடங்கினார். நூலைத் தேடி மக்கள் வந்த நிலை மாறி, மக்களைத் தேடி நூல் சென்றது. எழுத்தறியாதார்க்கும் நூலகம் உரியதே, அவர்க்குப் படித்துக் காட்டுதல் நூலகத்தின் கடன் என்பதும் அரங்கநாதனாரின் கருத்து. படித்துக் காட்டினால் கேட்போர் வினவுவர். வினவினால் உரையாடல் பிறக்கும். ஆகவே, உரையாடலை விலக்கிய நூலகத்தை நூலக இயக்கத்தின் தந்தையே விரும்பவில்லை என்க.

1948-ஆம் ஆண்டில், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தில் ஒரு சிறு பிரிவை நம் அன்பர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகின்றோம். தலத்து நூலக ஆணைக்குழு நூல்களை வாங்கலாம், கட்டடம் அமைக்கலாம் என்று கூறும் சட்டம், அவற்றோடு நில்லாமல் சொற்பொழிவுகளுக்கும் வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்யலாம் என்றும் கூறுகின்றது. குடிமக்களின் வரிப்பணத்தில் நடக்கும் நூலகத்திலே குடிமக்கள் கூடிக் கேட்கவும் கற்கவும் சட்டமே வழி திறந்து வைத்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். மார்டள்ளி இருப்புப்பாதை எட்டாத ஊர். மாதேசுவர மலைக்கு அணித்தே, தமிழ் பேசும் கத்தோலிக்கக் குடிகள் மிகுந்து வாழும் ஊர். இவ்வூரை உள்ளிட்ட கொள்ளேகால் வட்டம் 1956 அக்டோபர் வரை கோயமுத்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாய்ச் சென்னை மாநிலத்தில் இருந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது. வேறிடங்களிலிருந்து வந்து குடியேறியவர் பலர் நம் சங்கத்தில் உளர். ஆயின், நம் ஊர்ப் பழங்குடும்பங்களோ இருந்த இடத்திலிருந்தே அயல் மாநிலத்தாராயினர். மைசூர் மாவட்டத்திலிருந்த நாம், 1997-இல் சாமராசநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனுட் சேர்ந்தோம்.

நூலக வரலாற்றிலும் இம்மாற்றம் தன் சுவட்டைப் பதித்துள்ளது. மைசூர் மாநிலத்திற்கெனப் பொது நூலகச் சட்டம் 1965-ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. அதுவரை, சென்னையிலிருந்து வந்த பகுதிகளுக்குப் பழைய சென்னைச் சட்டங்களே மாற்றுச் சட்டம் வரும்வரை தொடர்ந்தன. அதனால் மைசூர்ச் சட்ட ஏடுகளில் 'மங்களூர், கொள்ளேகால் பகுதி' என்றொரு தனிப்பெயரே வழங்கியது. எனவே, சொற்பொழிவுக்கு இடந்தந்த அந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டம் நம் மண்ணிலும் செல்லுபடியாயிருந்தது என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

அண்டை நாட்டு நிகழ்ச்சியும் நோக்கத்தக்கது. கேரளத்தில் 1945-இல் பி. என். பணிக்கர் என்னும் ஆசிரியர் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றுகூட்டிக் கிரந்தசாலை சங்கத்தை நிறுவினார். நூல் வழங்குவதோடு கருத்தரங்கும் கலை நிகழ்ச்சியும் நடத்துவதை அந்நாட்டு ஊர் நூலகங்கள் மரபாகவே கொண்டன. தமிழ்நாட்டிலும் 1940-களிலும் 1950-களிலும் திராவிட இயக்கத்தாரும் பொதுவுடைமை இயக்கத்தாரும் தெருமுனைகளில் படிப்பகங்கள் அமைத்தனர். ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, பத்துப்பேர் சூழ்ந்து கேட்டுச் சாதி, கூலி, மொழி என்று வாதிட்ட இடங்கள் அவை. கடல் கடந்து நோக்கின், சுவீடன் நாட்டில் 1902-இல் ஆஸ்கார் ஓல்சன் என்பார் லுண்ட் நகரில் படிப்பு வட்டம் தொடங்கினார். சிலர் கூடி ஒரு நூலைப் படித்து, அது பற்றிப் பேசுவதே அதன் முறை. அந்நாட்டில் தொழிலாளர் பலர்க்கு அதுவே கல்லூரியாயிற்று.

இவ்வளவும் கூறக் காரணம் யாது? நம் சொந்த அனுபவமே. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளிவந்தபோது பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர் தாக்கப்பட்டதை மூத்தோர் மறவார். அப்போது நாம் சிறுவர். தந்தையார் கதவைத் தாழிட்டு விளக்கை அணைத்ததும், அடுத்த வீட்டுக் கன்னடப் பெரியவர் நம் திண்ணையில் விடியும்வரை அமர்ந்திருந்ததும் இன்றும் நினைவில் நிற்கின்றன. 2016 செப்டம்பரில் பெங்களூரில் பேருந்துகள் எரிந்தபோது, பணி முடிந்து வண்டியில் திரும்பிய நாம், வீட்டாரோடு தொலைபேசியில் தமிழில் பேச அஞ்சினோம். அவ்விரு முறையும் ஊரில் உலவியவை வதந்திகளே. ஆணையில் என்ன எழுதியிருந்தது, எவ்வளவு நீர், எக்காலத்தில் என்பதைப் படித்தவர் நம்மிலும் சிலர், அவரிலும் சிலர். படிக்காத இரு கூட்டத்தார் தெருவில் சந்திப்பதினும், படித்த இரு கூட்டத்தார் ஒரு மேசையைச் சுற்றி அமர்வது நன்றன்றோ?

அதற்கான இடம் இன்று உள்ளது. கருநாடகத்தில் ஊர்ப்புற நூலகங்கள் 2019-இல் ஊராட்சித் துறையின் பொறுப்புக்கு வந்தன. பின்னர் அவற்றிற்கு 'அறிவு கேந்திரம்' என்று பெயரிட்டுள்ளனர். அப்பெயரின் முதற்சொல் கன்னடர்க்கும் நமக்கும் பொதுச்சொல் என்பது நல்ல நிமித்தமாகும்.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். திங்கள்தோறும் ஒரு ஞாயிறு மாலை, ஊராட்சி நூலகத்தாரின் இசைவு பெற்று ஒரு மணி நேரம் கூடுவோம். காட்டெல்லையும் மேய்ச்சலும், மதுவால் கெடும் குடும்பம், கூலிக்கு வெளியூர் செல்வோரின் பிள்ளைகள் படிப்பு, தமிழ் எழுதத் தெரியாது வளரும் நம் இளையோர், காவிரி நீர் ஆகிய இவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேச விழைவோர் அது பற்றி ஒரு கட்டுரையேனும் படித்து வருதல் வேண்டும். பெண்டிர் முதலில் பேசுக. தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். கேட்போர்க்கு விளங்காவிடின் அருகிலிருப்பவர் பெயர்த்துச் சொல்க. முடிந்தவுடன் பேசியதைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். எழுத்தர் தொழிலில் நாம் கற்ற பாடம் ஒன்றுண்டு: பதிவேட்டில் ஏறாத மூட்டை காணாமற் போகும், பதிவேட்டில் ஏறாத பேச்சும் அவ்வாறே. குறிப்பேட்டை எழுதும் பணியை நாமே ஏற்கின்றோம்.

முதற் கூட்டத்திற்கு, அன்று திண்ணையில் அமர்ந்த பெரியவரின் மகனாரை அழைத்துள்ளோம். வருவதாக இசைந்துள்ளார். அன்பர் அனைவரும் வருக. அன்று மட்டும் 'அமைதி காக்க' என்னும் பலகையைச் சற்றே திருப்பி வைக்க நூலகரை வேண்டிக்கொள்வோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!