தீயுமிழ் தாங்கிகள்

கொன்றதைக் காட்டிலும் அச்சுறுத்தியதாற் பெயர் பெற்ற படைக்கலங்கள் மிகச் சில. இரண்டாம் உலக மகாயுத்தத்திற் பிரித்தானியர் கையாண்ட ‘முதலை’ என்னும் தீயுமிழ் தாங்கி அவற்றுள் ஒன்று.

பகைவர்மீது நெருப்பு வீசுதல் புதிய எண்ணமன்று. 1915 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பெல்ஜியத்து ஹூக் என்னுமிடத்தில் ஜேர்மனியர் தீக்குழாய்களுடன் பாய்ந்து பிரித்தானியரைத் திகைக்க வைத்தனர். எனினும், எரிபொருட் கலத்தை முதுகிற் சுமக்கும் வீரன் சில விநாடிகளே நெருப்பு வீச வல்லவன். குண்டுக்கு எளிதில் இலக்காகுபவன். அச்சுமையை இரும்புக் கவசத்துள் ஏற்றிவிடும் சிந்தனை அதனாலேயே எழுந்தது. 1935 இல் அபிசீனியாமீது படையெடுத்த இத்தாலியர் அத்தகைய சிறு தாங்கிகளை உடன்கொண்டு சென்றனர்.

பிரித்தானியாவில் இம்முயற்சி பிறந்த சூழ்நிலை விசித்திரமானது. 1940 இல் பிரான்சு வீழ்ந்து, ஜேர்மனியர் கடல் கடந்து வருவரென நாடு அஞ்சியிருந்த வேளையில், பெற்றோலைக் கொளுத்திப் பகைவரைத் தடுப்பதற்கெனத் தனித் திணைக்களமொன்று அமைந்தது. பகைவர் வரவில்லை. தற்காப்புக்கெனத் திரட்டிய அறிவு பின்னர் தாக்குதலுக்கு உதவிற்று.

‘சேர்ச்சில்’ வகைத் தாங்கியின் பீரங்கி அவ்வாறே இருக்க, முன்புறத்து இயந்திரத் துப்பாக்கியின் இடத்தில் தீக்குழாய் பொருத்தப்பட்டது. பின்னால் ஏறத்தாழ ஆறரைத் தொன் நிறையுள்ள கவசப் பெட்டியொன்று இரு சக்கரங்களில் இழுபட்டு வரும். அதனுள் 400 கலன் எரிபொருள். நைதரசன் வாயுவின் அமுக்கம் அதனை ஏறத்தாழ 120 யார் தூரம் உந்தும். விநாடிக்கொன்றாக எண்பது பாய்ச்சல்கள் போதும், பெட்டி வெறுமையாகிவிடும். அவ்வெரிபொருள் நீர்போலச் சிதறாது, பிசின்போல ஒட்டி எரியும். அதன் கொடுமையே அதுதான். சில வேளைகளில் முதலிற் கொளுத்தாத எண்ணெயை வீசி இலக்கை நனைத்து, அதன் பின்னரே தீயிடுவர். வாயு அமுக்கம் நெடுநேரம் நில்லாது; ஆதலாற் களத்தை அண்மிய பின்னரே அதனை ஏற்ற வேண்டியிருந்தது.

1944 யூன் மாதம் நோர்மண்டியிலும், செப்டெம்பரில் லே ஹாவ்ர், பிறெஸ்ற் ஆகிய துறைமுக நகரங்களிலும் முதலைகள் போரிட்டன. பிறெஸ்றின் மொன்பாரே கோட்டையைக் கைப்பற்ற அமெரிக்கப் படையினருக்கு அவை துணைநின்றன. எச்சரிக்கையாக ஒரு பாய்ச்சல் விட்டவுடனேயே பதுங்குகூடங்களிலிருந்து வெள்ளைக் கொடி எழுந்த நிகழ்ச்சிகள் பல. மேசைமேற் பிரம்பை வைத்துப் பாடம் நடத்திய ஆசிரியரை நாம் அறிவோம்; ஆயினும் இவ்வுவமையை நீட்டுதல் தகாது. முதலையைச் செலுத்தியவர்களிடையேயும் ஓர் அச்சம் நிலவியது: பிடிபட்டால் தமக்கு உயிர்ப்பிச்சை இல்லை என்பதே அது.

விரைவிற் சரணடையச் செய்தமையால் இக்கருவி இரு தரப்பு உயிர்களையும் காத்ததெனச் சிலர் வாதிப்பர். அவ்வாதத்தை முற்றாகத் தள்ள இயலாது. ஆனால், ஓரிடத்தில் மெய்யாகவே எரித்திராவிடில் மற்றோரிடத்தில் எவன் அஞ்சுவான்? பசுபிக் களத்தில் அவ்வாதமே நிலைகுலைந்தது. 1945 இல் இவோ ஜீமாத் தீவில், ‘ஷேர்மன்’ தாங்கிகள் எட்டு, தீக்குழாய் பூண்டு சென்றன. ஜப்பானிய வீரர்களுட் பெரும்பாலோர் சரணடையவில்லை. நெருப்பு அச்சுறுத்தலாக நில்லாது, நாள்தோறும் செய்யும் வேலையாயிற்று. அதே ஆண்டு ஒக்கினாவாவில், குகைகளுள் வீரர்களோடு ஊர்மக்களும் ஒதுங்கியிருந்தனர். வெளியே நின்றவனுக்கு உள்ளிருப்பவர் யாவர் என்பது தெரியாது. இக்கருவியைப் பற்றிய எத்தீர்ப்பும் அக்குகை வாயிலிலிருந்தே தொடங்க வேண்டுமென்பது என் கருத்து.

கொரியப் போருக்கு 1950 இல் அனுப்பப்பட்ட முதலைகள் பெரும்பாலும் வெறும் பீரங்கித் தாங்கிகளாகவே பயன்பட்டன. 1980 இல் நாடுகள் ஏற்ற எரியூட்டும் ஆயுதங்கள் பற்றிய உடன்படிக்கை, குடிமக்களை அவற்றால் தாக்குவதைத் தடைசெய்கிறது. பதுங்குகுழியிலுள்ள போர்வீரனுக்கு அத்தடை நீளவில்லை.