தாம்பரத்துல ஒரு டிசம்பர் (1938)

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஆபீஸ்ல ஆணி அதிகமா இருந்ததால தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. பாதி சரித்திரம், பாதி சொந்தக் கதை. தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ பிரசங்கம்னு ஓடிடாதீங்க. நான் பிரசங்கம் பண்ற ஆளும் இல்ல, அதுக்கு எனக்கு யோக்கியதையும் இல்ல. ஏன்னு கீழே வரும்.

தாம்பரம்னா உங்களுக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? மின்சார ரயிலோட கடைசி ஸ்டேஷன், பொங்கலுக்கு முந்தின நாள் ஜிஎஸ்டி ரோடு ட்ராஃபிக், ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன், சானிடோரியம். எனக்கு எம்.சி.சி. காடு. நான் படிச்சது அங்க இல்லங்க, வேற ஊர்ல ஒரு பொறியியல் கல்லூரி. ஆனா வீடு சேலையூர்ங்கறதால அந்த வளாகத்துக்குள்ள புள்ளிமான் பாத்துக்கிட்டே வளர்ந்தவன். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன்ல இருந்து இங்க குடிவந்தது 1937 ஜனவரியில. முந்நூறு ஏக்கருக்கு மேல சேலையூர் காட்டு நிலம். வேதியியல் பேராசிரியர் பார்ன்ஸும் அவர் மனைவியும் பாத்துப் பாத்து மரம் வச்சு வளர்த்த இடம் அது.

குடிவந்து ரெண்டு வருஷம் ஆகறதுக்குள்ள, 1938 டிசம்பர் 12-லேர்ந்து 29 வரைக்கும், அங்க ஒரு உலக மாநாடு நடந்திருக்கு. சர்வதேச மிஷனரி கவுன்சிலோட மாநாடு. கிட்டத்தட்ட எழுபது நாடுகள்லேர்ந்து சுமார் 470 பேர். அதுல பாதிக்கு மேல ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா சபைகளைச் சேர்ந்தவங்க. கிறிஸ்தவ இறையியல் படிக்கறவங்க உலகத்துல எங்க இருந்தாலும் "தாம்பரம்"னு சொன்னா அவங்களுக்கு இந்த மாநாடுதான் ஞாபகம் வரும். நமக்குத்தான் தெரியாது. நானே ஒரு மழை நாள்ல வேற எதையோ தேடப் போய்த்தான் இதுல மாட்டினேன்.

இந்த மாநாடு முதல்ல தாம்பரத்துல நடக்கறதாவே இல்ல. சீனாவுல ஹாங்சௌ நகரத்துலதான் திட்டம் போட்டிருந்தாங்க. 1937-ல ஜப்பான் சீனா மேல படையெடுத்ததால இடம் மாத்தி நம்ம ஊருக்கு வந்தது. ஒரு நாடு பண்ணின பாவத்தோட விளைவு, எங்கேயோ இருந்த தாம்பரம் வரைக்கும் நீண்டிருக்கு.

வந்தவங்க பட்டியலைப் பாருங்க. தலைமை அமெரிக்காவோட ஜான் மோட். யாழ்ப்பாணத்துலேர்ந்து டி. டி. நைல்ஸ்னு முப்பது வயசுத் தமிழர். தென்னாப்பிரிக்காவுலேர்ந்து ஆல்பர்ட் லுதூலி. ஆமாங்க, பின்னாடி 1960-க்கான அமைதி நோபல் வாங்கினாரே, அவரேதான். நம்ம சேலையூர் செம்மண்ல நடந்திருக்காரு.

என்னைத் தூங்க விடாத ரெண்டு பேரு வேற.

ஒருத்தர் வூ யி-ஃபாங். சீனக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்த அம்மா. நான்ஜிங் நகரத்துல ஜின்லிங் பெண்கள் கல்லூரியோட தலைவர். 1937 டிசம்பர் 13 நான்ஜிங் ஜப்பான் ராணுவத்துகிட்ட விழுந்த நாள். அதுக்கப்புறம் அங்க நடந்த கொலைகளும் பாலியல் கொடுமைகளும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வூ அம்மா அதுக்கு முன்னாடியே மேற்கு சீனாவுக்கு நகர வேண்டியதாயிடுச்சு. கல்லூரியில தங்கியிருந்த அமெரிக்கப் பேராசிரியை மின்னி வாட்ரின், வாசல் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னு ஆயிரக்கணக்கான பெண்களையும் குழந்தைகளையும் உள்ள வச்சுக் காப்பாத்தினாங்க. எல்லாரையும் காப்பாத்த முடியல. அந்த மன உளைச்சல் தீராம 1941-ல அமெரிக்காவுல தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டாங்க. கொன்னவங்க பண்ணின பாவத்தோட விளைவை, காப்பாத்தினவங்க சுமந்தாங்க.

இன்னொருத்தர் ஜப்பான்லேர்ந்து வந்த தோயோஹிகோ ககாவா. காசநோயோட போராடிக்கிட்டே, 1909 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கோபே நகரத்து ஷின்காவா சேரிக்குள்ள குடிபோனவரு. தொழிற்சங்கம், கூட்டுறவு சங்கம்னு வாழ்நாள் பூரா உழைச்சவரு. 1931-ல மஞ்சூரியாவை ஜப்பான் பிடிச்சதுக்கப்புறம், தன் புத்தகத்தோட சீன மொழிபெயர்ப்புக்கு எழுதின முன்னுரையில சீன மக்கள்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு.

நான்ஜிங் விழுந்து சரியா ஒரு வருஷம் ஆன வாரத்துல, இந்த ரெண்டு பேரும் தாம்பரத்துல ஒரே மாநாட்டுல உக்காந்திருக்காங்க. அந்தம்மா இவரைப் பாத்தப்போ மனசுல என்ன ஓடியிருக்கும்னு பல தடவை யோசிச்சிருக்கேன். ககாவா அந்தப் போர்ல சண்டை போட்டவர் இல்ல. ஆனா அவர் நாட்டுக் கொடி அந்த ஊர்ல பறந்துக்கிட்டிருந்தது.

இப்போ கொஞ்சம் தத்துவம். பாவம் பண்ணினா அதுக்கு இயல்பாவே ஒரு விளைவு உண்டுங்கறது நமக்குப் புதுசு இல்ல. வினை விதைச்சவன் வினை அறுப்பான்னு பாட்டி சொல்லும். சிலப்பதிகாரமே ஊழ்வினைங்கற தூண்ல நிக்கற காப்பியம். பவுல் அப்போஸ்தலரும் கலாத்தியருக்கு எழுதின கடிதத்துல விதைப்பு, அறுப்பு கணக்கைத்தான் சொல்றாரு. பாளையங்கோட்டைக்காரரான ஏ. ஜே. அப்பாசாமி, "கிறிஸ்தவம் ஒரு பக்தி மார்க்கம்"ங்கற பொருள்ல 1927-ல ஆங்கிலத்துல ஒரு புத்தகம் போட்டாரு. யோவான் சுவிசேஷம் சொல்ற நியாயத்தீர்ப்பையும் நம்ம கர்மாவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தவரு அவரு. தீர்ப்பு எங்கேயோ ஒரு கோர்ட்ல பின்னாடி வர்றது இல்ல, செயலுக்குள்ளயே இருக்குங்கற மாதிரி ஒரு பார்வை. எங்க பாஷையில சொன்னா, பக் கோடுக்குள்ளயே இருக்கு. டெஸ்டர் கண்டுபிடிச்சாலும் இல்லேன்னாலும் அது இருக்கும்.

தாம்பரத்துல பெரிய சண்டையே இதை ஒட்டித்தான். ஹென்ட்ரிக் கிரேமர்னு ஒரு டச்சுக்காரர், இந்தோனேசியாவுல வேலை பார்த்தவர், இந்த மாநாட்டுக்காகவே நானூறு பக்கத்துக்கு மேல ஒரு புத்தகம் எழுதிட்டு வந்திருந்தாரு. அவர் வாதத்தோட சாரம்: மனுஷன் தன் முயற்சியால பாவத்துலேர்ந்து ஏறி வர முடியாது, எல்லா மதமும் கடவுளோட தீர்ப்புக்குக் கீழதான், நாம நடைமுறையில பாக்கற கிறிஸ்தவ மதமும் அதுல சேர்த்தி. கிறிஸ்துவுல கடவுள் எடுத்த முயற்சி ஒண்ணுதான் வழி.

மெட்ராஸ்காரங்க சும்மா விடுவாங்களா? அதே 1938-ல இங்க ஒரு குழு பதில் புத்தகம் போட்டுது. இந்தியாவுல கிறிஸ்தவத்தை மறுபடி யோசிக்கணும்ங்கறதுதான் அதோட தலைப்பு, சாரம் எல்லாம். அதுல முக்கியமான ரெண்டு பேரு மச்சான் மாப்பிள்ளைங்க. ஒருத்தர் பி. செஞ்சையா, புதுக்கோட்டை சமஸ்தானத்துல நீதிபதியா இருந்தவரு. இன்னொருத்தர் வி. சக்கரை செட்டியார், தொழிற்சங்கத் தலைவர், 1941-ல மெட்ராஸ் மேயர்.

செஞ்சையா சொன்னதுதான் எனக்குப் பிடிச்சது. இத்தனைக்கும் நாள் பூரா குற்றம், தண்டனை, அபராதம்னு பார்த்த மனுஷன். அவரே சொல்றாரு, இரட்சிப்பை வெறும் கோர்ட்டு விவகாரமா பாக்காதீங்கன்னு. அவரைப் பொறுத்தவரைக்கும் கிறிஸ்து ஒரு புது மனுஷன், புது சிருஷ்டியோட ஆரம்பம். பாவத்தை ஜெயிக்கறதுன்னா பழைய கேஸைத் தள்ளுபடி பண்றதோட முடியறது இல்ல. அந்தப் பாவத்தைத் திரும்பப் பண்ண முடியாத ஒரு புது ஆளா பரிசுத்த ஆவியால மாறணும். நான் புரிஞ்சிக்கிட்டது இவ்வளவுதான். தப்பு இருந்தா விஷயம் தெரிஞ்சவங்க திருத்துங்க.

சரி, என் கதைக்கு வர்றேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, அப்போ இருந்த கம்பெனியில, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நான் ப்ரொடக்ஷன் டேட்டாபேஸ்ல ஒரு அப்டேட் ஓட்டினேன். வேர் கண்டிஷன் போட மறந்துட்டேன். பொட்டி தட்டறவங்களுக்கு வயித்தைக் கலக்கியிருக்கும். மத்தவங்களுக்கு: ஒரு வீட்டு வெள்ளையடிக்கப் போய் தெரு பூரா வெள்ளையடிச்சுட்டேன். அது நாலு பேர் சேர்ந்து உபயோகிக்கற லாகின். அந்த ஷிஃப்ட்ல என்கூட இருந்தது கான்ட்ராக்ட்ல வந்த ஒரு தம்பி. திங்கக்கிழமை மேனேஜர் அவனைத்தான் சந்தேகப்பட்டாரு. நான் பொய் சொல்லல. வாயைத் திறக்கல, அவ்வளவுதான். அந்த வாரமே அவனை அனுப்பிட்டாங்க. எனக்கு அந்த வருஷம் நல்ல ரேட்டிங்.

பாவத்துக்கு இயல்பான விளைவு உண்டுன்னா எனக்கு என்ன ஆச்சு? வெளியில ஒண்ணும் ஆகல. உள்ளுக்குள்ள ஆச்சு. யாராவது "லாக் பாத்தியா"ன்னு சாதாரணமா கேட்டாலே கை சில்லுன்னு ஆகும். எனக்குக் கீழ வேலை செய்யற பசங்க சின்னத் தப்புப் பண்ணினா எரிஞ்சு விழுவேன். சர்ச்சுல பாவ அறிக்கை வாசிக்கும்போது வாய் மட்டும் அசையும். எனக்கான விளைவு அவ்வளவுதான். நிஜமான விளைவு பூரா அவன் தலையில.

இதுதான் நான் முட்டிக்கிட்ட இடம். பாவத்தோட விளைவு இயல்பானது சரி, ஆனா அது சரியான விலாசத்துக்குப் போறதில்ல. எங்க சானிடோரியத்தையே பாருங்க. 1928-ல டாக்டர் சௌரிமுத்து காசநோய்க்காக ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி. 1990-கள்ல, எச்.ஐ.வி. வந்தவங்களை மத்த இடங்கள்ல வாசல்லயே விரட்டினப்போ, படுக்கை குடுத்த இடம். அரசாங்கம் 2004-ல இலவசமா ஏஆர்டி மருந்து குடுக்க ஆரம்பிச்சப்போ முதல் மையங்கள்ல அதுவும் ஒண்ணு. அங்க வந்த எத்தனையோ பெண்களுக்குப் புருஷன்கிட்டேர்ந்து வந்தது, குழந்தைகளுக்குப் பொறப்புலயே வந்தது. அவங்களைப் பாத்தும் "பாவத்தின் சம்பளம்"னு சொன்ன நல்லவங்க நம்ம ஊர்ல உண்டு. பிறவிக் குருடனைக் காட்டி யார் பண்ணின பாவம்னு சீஷர்கள் கேட்டப்போ, இவனும் இல்ல இவனைப் பெத்தவங்களும் இல்லன்னு இயேசு சொன்னதை அவங்க வசதியா மறந்துட்டாங்க.

சிலுவையை நான் சின்ன வயசுலேர்ந்து ஒரு கணக்குத் தீர்க்கற ஏற்பாடாத்தான் புரிஞ்சு வச்சிருந்தேன். என் பில்லை வேற யாரோ கட்டிட்டாங்க, நான் ஃப்ரீ. ககாவாவைப் படிச்சப்பதான் அது ஆட்டம் கண்டுச்சு. மீட்கற அன்புன்னு அவர் திரும்பத் திரும்ப சொன்னது வேற: அடுத்தவன் பாவத்தோட விளைவைத் தானா முன்வந்து தோள்ல வாங்கறது. தான் பண்ணாத பாவத்துக்கு அந்த மனுஷன் மன்னிப்புக் கேட்டிருக்காரு. நான் பண்ணின பாவத்துக்கே கேக்கலையே?

ககாவாவைக் கொண்டாடி முடிச்சிடறதும் நேர்மை இல்ல. தாம்பரம் முடிஞ்சு 1939 ஜனவரியில அவர் காந்தியைப் பார்த்தாரு. ஜப்பான்ல போர் பத்தி என்ன நெனக்கறாங்கன்னு காந்தி கேட்டாரு. தன் கருத்து அங்க எடுபடாத கருத்துன்னு ககாவா சொல்ல, நானா இருந்தா அதை வெளிப்படையா சொல்லிட்டு, சுட்டாலும் சாவேன்னு காந்தி சொல்லிட்டாரு. 1940-ல ககாவாவை ராணுவ போலீஸ் பிடிச்சு உள்ள வச்சுது. ஆனா போரோட கடைசி வருஷங்கள்ல அதே மனுஷன் அமெரிக்காவைத் திட்டி ரேடியோவுல பேசினாரு. மன்னிப்புக் கேட்ட வாயே ஒரு கட்டத்துல வளைஞ்சு போச்சு. பாவத்தை ஒரு தடவை ஜெயிச்சா முடிஞ்சதுன்னு இல்ல போல. வூ அம்மா 1945-ல சான் ஃபிரான்சிஸ்கோவுல ஐ.நா. சாசனத்துல கையெழுத்துப் போட்ட நாலு பெண்கள்ல ஒருத்தர் ஆனாங்க.

போன டிசம்பர்ல ஒரு நாள் சாயந்திரம் கேம்ப் ரோட்டுல டீ குடிச்சுட்டு அந்தத் தம்பிக்குப் போன் பண்ணினேன். நம்பர் வாங்கறதுக்கே ரெண்டு வாரம் ஆச்சு. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "தெரியும்ணா. நீங்க அன்னிக்கு என் மூஞ்சியைப் பாக்கல, அப்பவே தெரியும்"னான். ஆறு மாசம் வேலை இல்லாம இருந்திருக்கான். பைக்கை ஃபைனான்ஸ்காரன் எடுத்துட்டுப் போயிட்டானாம். இப்போ வேற இடத்துல நல்லா இருக்கான். மன்னிச்சுட்டேன்னு அவன் சொல்லல. நானும் கேக்கல.

மறுநாள் பழைய மேனேஜருக்கு நடந்ததை எழுதி மெயில் அனுப்பினேன். என்ன பதில் வந்துதுங்கறது இங்க வேண்டாம். எனக்கு அது சுகமா இல்ல, அவ்வளவு சொன்னா போதும். ஆனா அந்த ஞாயித்துக்கிழமை பாவ அறிக்கை சொன்னப்போ ரொம்ப நாளுக்கப்புறம் என் குரல் எனக்கே கேட்டுது.

விசுவாசம் விளைவை அழிக்காதுங்க. அவனோட ஆறு மாசம் திரும்ப வராது. அதை வேற ஒருத்தன் தலையில போட்டுட்டு ஓடாம, வந்து நின்னு என் பங்கை வாங்கிக்கற தெம்பு எனக்கு ஜெபத்துலேர்ந்துதான் வந்தது. செஞ்சையா சொன்ன புது மனுஷன் இன்னும் ரொம்ப தூரத்துல இருக்கான். போன வாரம்கூட ஒரு ட்ரெய்னிகிட்ட கத்திட்டேன். அப்புறம் அவன் சீட்டுக்குப் போய் சாரி சொல்லிட்டு, ரெண்டு பேருமா உக்காந்து அந்த கொரியைச் சரி பண்ணினோம். வேர் கண்டிஷனை ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் ஓட்டினோம்.