வல்லபாய் படேல்: அகமதாபாத் நகராட்சிக் காலம்

வல்லபாய் ஜவேர்பாய் படேல் (31 அக்டோபர் 1875 – 15 டிசம்பர் 1950) சுதேச சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைத்தவர் என்றே பெரிதும் நினைக்கப்படுகிறார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் அகமதாபாத்தின் குடிநீர், சாக்கடை, குப்பை ஆகியவற்றோடு அவர் மல்லுக்கட்டிய காலம் அதே அளவு அறியப்பட வேண்டியது.

நடியாத்தில் பிறந்தார், சொந்த ஊர் கரம்சத். கோத்ராவிலும் போர்சத்திலும் வக்கீல் தொழில் நடத்தினார். குறுக்கு விசாரணையில் அவர் பெயர்பெற்றவர். 1909இல் நீதிமன்றத்தில் ஒரு சாட்சியை மடக்கிக் கொண்டிருந்தபோது, பம்பாயில் சிகிச்சையில் இருந்த மனைவி ஜவேர்பா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், விசாரணையைத் தொடர்ந்தார். வழக்கு முடிந்த பிறகே விஷயத்தைச் சொன்னார். இதை இரும்பு மனம் என்று புகழ்வார்கள். கட்சிக்காரனின் உயிரும் மானமும் தன் கையில் இருக்கிறது என்ற பொறுப்புணர்வே அதில் மேலோங்கித் தெரிகிறது.

சேர்த்த பணத்தில் லண்டன் போகத் தயாரானார். பயண ஆவணங்கள் 'வி. ஜே. படேல்' என்ற பெயரில் வந்தன. அதே முதலெழுத்துகள் கொண்ட அண்ணன் விட்டல்பாய் கேட்டதும் விட்டுக்கொடுத்தார். பின்னர் 1910இல் தாமே சென்று மிடில் டெம்பிளில் படித்து, 1913இல் பாரிஸ்டராகத் திரும்பி அகமதாபாத்தில் தொழில் தொடங்கினார்.

1917இல் தரியாபூர் வட்டாரத்திலிருந்து ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நகராட்சி உறுப்பினரானார். சேலம் நகராட்சித் தலைவராக வழக்கறிஞர் ராஜாஜி பொறுப்பேற்றதும் அதே ஆண்டில்தான். படேலுக்குக் கிடைத்தது சுகாதாரக் குழுத் தலைமை. அவ்வாண்டு பிளேக் பரவி, மக்கள் ஊரைவிட்டு ஓட, நீதிமன்றமும் பள்ளிகளும் மூடப்பட்டன. சுகாதாரக் குழுத் தலைவர் ஊரைவிட்டுப் போனால் துப்புரவுப் பணியாளரை எப்படி ஊரில் தக்கவைப்பது? படேல் நகரிலேயே தங்கி, தெருத்தெருவாகச் சென்று பணிகளைப் பார்த்தார்.

1922இல், நகராட்சிப் பள்ளிகளை அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்க முயன்ற தேசியக் கல்வித் தகராறில் அரசு நகராட்சியைக் கலைத்தது. 1924இல் அவரது அணி மீண்டும் வென்றது. 1928 வரை அவரே தலைவர். நேரு அலகாபாத்திலும் ராஜேந்திர பிரசாத் பாட்னாவிலும் நகராட்சித் தலைவர்களாக இருந்த காலமும் இதை ஒட்டியதே.

1927 ஜூலையில் குஜராத்தைப் பெருமழை மூழ்கடித்தது. நள்ளிரவில் நனைந்தபடி நகரைச் சுற்றிய படேல், பொறியாளரை எழுப்பி அழைத்துப்போய், தேங்கிய வெள்ளம் வடிய ஒரு மதகை உடைக்கச் செய்தார். அடுத்து கிராமங்களுக்கு விதையும் உணவும் போய்ச் சேரத் தொண்டர்களைத் திரட்டினார். மறு ஆண்டே பர்தோலி விவசாயிகளின் வரிகொடா இயக்கத்துக்குத் தலைமை ஏற்றார். 'சர்தார்' என்ற அழைப்பு அங்கேதான் ஒட்டிக்கொண்டது.