நடுக்குவாதத்தின் ஐந்து படிகள்

1817ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் 66 பக்கங்கள் கொண்ட சிறுநூல் ஒன்று வெளிவந்தது. எழுதியவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர். அதில் அவர் விவரித்த நோயாளிகள் ஆறே பேர். அவர்களில் இருவர் தெருவில் தற்செயலாக எதிர்ப்பட்டவர்கள். இன்னொருவரை அவர் தொலைவிலிருந்தே பார்த்தார். எனினும் நோய் ஒரு கையில் நடுக்கமாகத் தொடங்குவது, மறுபக்கம் பரவுவது, உடல் முன்னோக்கி வளைவது, இறுதியில் விழுங்குவதும் கடினமாவது என அதன் போக்கை வரிசையாக எழுதிவைத்தார்.

சுமார் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், பாரிஸ் நகரின் சால்பெட்ரியர் மருத்துவமனையில் சார்க்கோ என்ற நரம்பியல் அறிஞர் இந்நோயை மேலும் ஆராய்ந்தார். நடுக்கமே இல்லாமலும் இந்நோய் வரலாம் என்றார். நோயாளியின் மந்தமான அசைவுக்குக் காரணம் வெறும் தசைத் தளர்ச்சி அன்று என்பதையும் காட்டினார். ‘பார்க்கின்சன் நோய்’ என்ற பெயரை வழங்கியவரும் அவரே.

காரணம் புலப்பட மேலும் காலம் பிடித்தது. நடுமூளையிலுள்ள கருநிறத் திட்டில் நரம்பணுக்கள் அழிந்திருப்பதை 1919இல் திரெத்தியாக்கோவ் கண்டார். இவர்களது மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் மிகக் குறைந்திருப்பதை 1960இல் வியன்னாவில் ஹார்னிகீவிச்சும் எரிங்கரும் நிறுவினர்.

1967ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. நியூயார்க் நகரில் மார்கரெட் ஹோன், மெல்வின் யார் என்ற இரு மருத்துவர்கள், 800க்கும் மேற்பட்ட நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து, நோயை ஐந்து படிகளாகப் பிரித்தனர்.

முதற்படியில் உடலின் ஒருபக்கம் மட்டும் பாதிக்கப்படும். இரண்டாம் படியில் இருபக்கமும் பாதிக்கப்படும். ஆனால் சமநிலை கெடாது. மூன்றாம் படியில் சமநிலை தடுமாறும். கீழே விழும் அச்சம் தொடங்கும். எனினும் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்வர். நான்காம் படியில் நிற்கவும் நடக்கவும் முடிந்தாலும், அன்றாட வேலைகளுக்கு மிகுந்த உதவி வேண்டும். ஐந்தாம் படியில், பிறர் துணையின்றிப் படுக்கையையோ சக்கர நாற்காலியையோ விட்டு எழ இயலாது.

அதே 1967இல் கோட்சியாஸ் என்பவர், மூளையில் டோபமினாக மாறும் டோபா மருந்தைச் சிறிது சிறிதாக அளவு கூட்டிக் கொடுத்து, முடங்கிக் கிடந்தவர்களை நடக்கச் செய்தார். ஆகவே அந்த ஐந்து படிகள், டோபா மருந்து வருவதற்கு முந்தைய காலத்து நோயாளிகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை என்பதை நாம் மறக்கலாகாது. இன்று பலர் தொடக்கப் படிகளிலேயே பல ஆண்டுகள் வாழ்கின்றனர். எல்லோரும் ஐந்தாம் படியை அடைவதும் இல்லை.

ஆனால் மருந்து நரம்பணுக்களின் அழிவை நிறுத்துவதில்லை. சில ஆண்டுகள் சென்றபின், அடுத்த வேளைக்கு முன்பே அதன் பயன் தீர்ந்துபோகலாம். காலையில் தாமே நடந்தவர் நண்பகலில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். இதைப் பிடிவாதம் என்று வீட்டார் எண்ணிவிடுவதுண்டு. மருந்தை உரிய நேரத்தில் கொடுப்பதும், மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தாதிருப்பதும் இதனால்தான் முக்கியம்.

படிகள் அளப்பவை அசைவை மட்டுமே. மலச்சிக்கல், உறக்கக் கேடு, மனச்சோர்வு ஆகியவை அவற்றில் இடம்பெறவில்லை. அறிவுக்குக் கேடில்லை என்று பார்க்கின்சன் எழுதினார். இந்த ஓரிடத்தில் அவர் கருத்து நிலைக்கவில்லை. நோய் முற்றும்போது பலருக்கு நினைவு மங்குகிறது. இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தோன்றுவதும் உண்டு. முகத்தசைகள் இறுகுவதால் சிரிப்பும் மறைகிறது. அது அன்பு குறைந்ததன் அடையாளம் அன்று.

வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், எந்தப் படி எப்போது வரும் என்று யாராலும் நாள் குறிக்க இயலாது. வரக்கூடியது எது என்று அறிந்த குடும்பம் முன்கூட்டியே ஆயத்தமாகலாம்: குளியலறையில் கைப்பிடி பொருத்தலாம், தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் உடனே மருத்துவரிடம் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயின் குற்றத்தை நோயாளியின் மேல் சுமத்தாதிருக்கலாம்.