கழித்து விற்ற புத்தகம்

ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் போட்லியன் புத்தகசாலைக்குரிய பழைய கணக்குகளில், 1664-ஆம் ஆண்டை ஒட்டி, தேவைக்கு மிஞ்சிய புத்தகங்களை நிர்வாகிகளின் உத்தரவுப்படி ரிச்சர்ட் டேவிஸ் என்ற உள்ளூர்ப் புத்தக வியாபாரிக்கு விற்ற வகையில் 24 பவுன் வரவு என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது. வரவு வைத்த குமாஸ்தாவுக்கு அதில் விசேஷம் ஏதும் தோன்றியிருக்க நியாயம் இல்லை. ஆனால் 1623-ஆம் ஆண்டில் வெளிவந்ததும், ஷேக்ஸ்பியரின் முப்பத்தாறு நாடகங்களை முதன்முதலாக ஒருங்கே திரட்டித் தந்ததுமான பெரும் பதிப்பின் பிரதியொன்று அந்த மூட்டையோடுதான் வெளியேறியிருக்க வேண்டும் என்பது பின்வந்த ஆராய்ச்சியாளர்களின் முடிவு.

வேண்டாத புத்தகங்களைக் கழிப்பது அந்நகருக்குப் புதிய வழக்கம் அன்று. கிளாஸ்டர் பிரபுவாகிய ஹம்ஃப்ரி தானமாக அளித்த கையெழுத்துப் பிரதிகளுக்கென்றே சர்வகலாசாலையார் ஒரு மண்டபம் கட்டி, 1488-ல் அதைத் திறந்துவைத்தார்கள். ஆறாம் எட்வர்டு மன்னரின் ஆட்சியில், 1550-ஐ ஒட்டி, பழைய கத்தோலிக்க மதத்தின் வாடை வீசும் எதுவும் இருக்கலாகாது என்று கருதிய அதிகாரிகள் அந்த மண்டபத்தைத் துடைத்து வைத்தாற்போல் காலி செய்தார்கள். படிக்க ஏடு இல்லாத இடத்தில் மேஜை எதற்கு என்று, 1556-ல், அவற்றையும் சர்வகலாசாலையே விற்றுவிட்டது. மதவெறி செய்த காரியம் என்று இதைச் சரித்திரக்காரர் கண்டிப்பர், கண்டிக்கத்தக்கதே. ஆனால் அதே நூற்றாண்டில், எந்த வெறியும் கூச்சலும் இன்றி, கல்லூரிப் புத்தகசாலைகளில் நிகழ்ந்த கழிவு அதற்கு அதிகம் குறைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு சாஸ்திர கிரந்தம் அச்சில் தெளிவாகவும் மலிவாகவும் கிடைத்ததும், அதன் கையெழுத்துப் பிரதி, புதுப் பஞ்சாங்கம் வந்த வீட்டில் பழைய பஞ்சாங்கம் போல, இடத்தை அடைக்கும் பொருளாகிவிட்டது. அவற்றை விலைக்கு வாங்கியவர்கள் பைண்டு செய்பவர்கள். பதப்படுத்திய தோலில் எழுதிய அந்த ஏடுகளை அளவுக்கு நறுக்கி, புதிய அச்சுப் புத்தகங்களின் அட்டைக்கு உட்புறத்தில் ஒட்டினார்கள். இவ்வாறு ஒட்டப்பட்ட துண்டுகளை மட்டும் தொகுத்து நீல் கெர் என்ற அறிஞர் 1954-ல் ஒரு தனி நூலே வெளியிட்டிருக்கிறார் என்றால், கழிந்தவற்றின் அளவை ஒருவாறு ஊகிக்கலாம்.

வெறும் மண்டபத்தைத் தம் பொருளால் புதுப்பிக்க 1598-ல் முன்வந்து, 1602-ல் புத்தகசாலையைத் திறந்துவைத்தவர் சர் தாமஸ் போட்லி. அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி இலவசமாக வரவேண்டும் என்று 1610-ல் லண்டன் பதிப்பாளர் சங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்ட அதே மனிதர், மேடை நாடகங்களைக் குப்பை என்று கருதி, அவை அலமாரியில் இடம் பெறுவதே புத்தகசாலைக்கு இழுக்கு என்று தம் புத்தகசாலைத் தலைவருக்குக் கண்டிப்பாக எழுதினார். அவர் 1613-ல் காலமானார். ஷேக்ஸ்பியர் திரட்டு அவருக்குப் பின்னரே வந்தது. தைக்காத தாள்களாக வந்த அதை 1624 பிப்ரவரியில் வில்லியம் வைல்ட்கூஸ் என்ற பைண்டரிடம் அனுப்பி, கட்டி முடித்து வந்ததும், அக்கால வழக்கப்படி அட்டையின் ஓரத்தில் உலோகப் பிடி பொருத்தி, சங்கிலியால் அலமாரியோடு பிணைத்தார்கள். அங்கிருந்து எந்தப் புத்தகமும் வெளியே போகக் கூடாது. முதலாம் சார்லஸ் மன்னர் 1645-ல் ஒன்றை இரவல் கேட்டபோது, புத்தகசாலைத் தலைவர் விதியைக் காட்டி மறுக்க, மன்னரும் அதற்கு இணங்கினார். மன்னருக்கும் அவிழாத சங்கிலி இருபது வருஷத்துக்குள் வியாபாரிக்கு அவிழ்ந்தது!

அவிழ்த்தவர்களை மூடர் என்று சொல்லிவிடுவது சுலபம். ஜான் செல்டன் என்ற சட்ட நிபுணரின் சேகரிப்பிலிருந்து சுமார் எண்ணாயிரம் புத்தகங்கள் 1659-ல் அங்கே வந்து சேர்ந்தன. இரட்டைப் பிரதிகள் பெருகி, இடம் நெருக்கடியாயிற்று. அச்சமயத்தில் ஷேக்ஸ்பியர் திரட்டின் மூன்றாம் பதிப்பு, ஏழு நாடகங்கள் கூடுதலாகச் சேர்க்கப்பெற்று, 1664-ஆம் வருஷத் தேதியுடன் வெளிவந்தது. நாற்பது வருஷமாகப் பலர் புரட்டி நைந்த பழம்பிரதி ஒருபுறம், அதைவிட நிறைவானதாகத் தோன்றிய புதுப்பிரதி மறுபுறம் இருக்க, இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று அன்றைக்கு எந்தப் புத்தகசாலைத் தலைவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்திருக்கும். அந்த ஏழில் ‘பெரிக்ளிஸ்’ தவிர மற்றவை ஷேக்ஸ்பியருடையவை அல்ல என்பதும், பின்வந்த பதிப்புகள் முந்தியதைப் பார்த்து அச்சிட்டவையே ஆதலால் முதற்பதிப்புக்கே பிரமாணம் உண்டு என்பதும், டாக்டர் ஜான்சன் முதலியோரின் பதினெட்டாம் நூற்றாண்டு விசாரணைக்குப் பின் நிலைபெற்ற அபிப்பிராயங்கள். 1635-ஆம் வருஷ ஜாபிதாவில் இருந்த முதற்பதிப்பு 1674-ஆம் வருஷ ஜாபிதாவில் இல்லை. மூன்றாம் பதிப்பே இருக்கிறது.

1905 ஜனவரியில், மாடலன் கல்லூரி மாணவராகிய கிளாட்வின் டர்பட், டார்பிஷயரிலுள்ள தம் வீட்டில் இருந்த பழைய புத்தகம் ஒன்றின் கட்டைப் பழுது பார்ப்பதுபற்றி யோசனை கேட்க அதைப் போட்லியனுக்கு எடுத்துவந்தார். உதவித் தலைவர் ஃபால்கனர் மடனும், புத்தகக் கட்டுகளை ஆராய்வதில் வல்லவரான ஸ்டிரிக்லண்ட் கிப்ஸனும் அதைப் பரிசோதித்தார்கள். சங்கிலிப் பிடி இருந்த வடு அட்டையில் தெரிந்தது. உட்புறத்தில் வைல்ட்கூஸ் ஒட்டியிருந்த கழிவுத் தாள்கள், அதே தவணையில் அவரிடம் போய்வந்த வேறு புத்தகங்களில் இருந்த தாள்களோடு ஒத்திருந்தன. யாரோ பயனற்றது என்று எறிந்த பழம்புத்தகத்தின் கிழிசலே, பின்னால் பயனற்றது என்று விற்கப்பட்ட இப்புத்தகத்தின் பூர்வோத்தரத்துக்குச் சாட்சி சொல்லிற்று. வாசகர்களும் தங்கள் சாட்சியை விட்டுப் போயிருந்தார்கள்: ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ அச்சான தாள்களே, அதிலும் காதலர் பேசும் மேல்மாடக் காட்சியை அடுத்த இடமே, மற்றெல்லாவற்றையும்விடத் தேய்ந்திருந்தன. போட்லி குப்பை என்று ஒதுக்கிய சரக்கை இளம் பட்டதாரிகள் எவ்வளவு ஆவலாய்ப் படித்தார்கள் என்பதற்கு இதைவிட நேரான புள்ளிவிவரம் எங்கும் கிடைக்காது.

இதற்கிடையில், பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் அந்த முதற்பதிப்புப் பிரதிக்கு 3000 பவுன் தருவதாகச் சொல்லியனுப்பினார். விலை கொடுத்து மீட்கப் போட்லியனிடம் பணம் இல்லை. எனினும் டர்பட் குடும்பத்தார் அவகாசம் கொடுத்தார்கள். தலைவர் நிக்கல்ஸன் பழைய மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் விண்ணப்பம் விடுத்து, சந்தா மெதுவாகவே சேர்ந்தபோதிலும், 1906 மார்ச் மாதத்துக்குள் தொகையைப் பூர்த்தி செய்தார். பெயர் சொல்லாத அந்த மனிதர் அமெரிக்க எண்ணெய் வர்த்தகர் ஹென்றி ஃபோல்ஜர். முதற்பதிப்பின் பிரதிகளில் 82 வரையில் அவர் வாங்கிச் சேர்த்தார். 1932-ல் வாஷிங்டனில் அவர் பெயரால் திறக்கப்பட்ட புத்தகசாலையில் அவை இருக்கின்றன. 24 பவுன் மூட்டையில் போன பிரதி மட்டும், அதை விற்ற அதே ஆக்ஸ்போர்டில் இருக்கிறது.