ஐதரசன் எடுக்கும் மின்வாய் எத்தனை காலம் உழைக்கும்?

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் இடிபாடுகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆனையிறவு உப்பைக் கரைத்து, அந்தக் கரைசலினூடாக மின்னைச் செலுத்தி, எரிசோடாவும் குளோரீனும் எடுத்த இடம் அது. அதே தாக்கத்தில் கதோட்டில் ஐதரசன் வாயுவும் வெளிவரும். என் தந்தையார் அங்கே வேலை செய்தவர். போரோடு எல்லாம் போயிற்று. நான் இன்று வேறொரு நாட்டில், ஐதரசன் எடுக்கும் மின்வாய்கள் எவ்வளவு காலம் உழைக்கும் என்று சோதிக்கும் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்கிறேன்.

2020 டிசெம்பரில் மன்னாரில் தம்பபவனி காற்றாலை திறக்கப்பட்டது. காற்றாலை மின்னால் நீரைப் பிரித்து ஐதரசன் எடுக்கலாம் என்ற பேச்சும் எமது நாட்டில் அடிபடுகிறது. ஊரிலிருந்து உறவினர்கள் இதுபற்றிக் கேட்கும்போது, “ஆயிரம் மணித்தியாலம் பழுதின்றி ஓடிய மின்வாய்” என்பது போன்ற செய்திகளையும் அனுப்புவார்கள். அந்த எண்ணை எப்படி வாசிப்பது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வருடத்தில் 8,760 மணித்தியாலங்கள் உண்டு. ஆயிரம் என்பது 42 நாளுக்கும் குறைவு. தொழிற்சாலை எதிர்பார்ப்பதோ 60,000 முதல் 90,000 மணித்தியாலங்கள் வரை. யாரும் ஒன்பது வருடம் காத்திருந்து சோதிக்க முடியாது. ஆகவே மின்னோட்டத்தை மாறாமல் வைத்து, வோல்ற்றளவு மெல்ல மெல்ல எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கிறோம். மணித்தியாலத்துக்கு 10 மைக்ரோவோல்ற் ஏறுகிறது என்று வையுங்கள். ஆயிரம் மணித்தியாலத்தில் அது வெறும் 10 மில்லிவோல்ற். கரைசலின் வெப்பநிலை இரண்டு மூன்று பாகை மாறினாலே அவ்வளவு ஆடும், கண்ணுக்குப் படாது. அதே வேகத்தில் 80,000 மணித்தியாலம் போனால் 0.8 வோல்ற்! நீரைப் பிரிக்கத் தொழிற்சாலையில் வழக்கமாகத் தேவைப்படுவதே 2 வோல்ற் அளவுதான். ஒவ்வொரு 0.1 வோல்ற் ஏற்றத்துக்கும் ஒரு கிலோ ஐதரசனுக்கு ஏறத்தாழ 2.7 அலகு மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். மின்பட்டியலில் வரும் அதே அலகுதான்.

சோதித்த சூழலையும் பார்க்க வேண்டும். பல ஆய்வுகள் ஐதான காரத்தில், அறை வெப்பநிலையில், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 10 மில்லியம்பியரில் செய்யப்படுகின்றன. அந்தப் பத்து, சூரிய ஒளியில் நேரடியாக நீரைப் பிரிக்கும் கருவிகளுக்காக வந்த எண். தொழிற்சாலையில் காரம் 25 முதல் 30 சதவீதம், வெப்பநிலை 70 முதல் 90 பாகை செல்சியஸ், மின்னோட்டம் பல நூறு மில்லியம்பியர். அங்கே குமிழிகள் கொதிப்பது போல எழும்பி மேற்பூச்சை இழுத்துப் பிடுங்கும். சூடான காரம் கண்ணாடியைக்கூடக் கரைக்கும். கரைந்த சிலிக்கேற்று மின்வாயில் படியலாம் என்பதால் நாங்கள் கண்ணாடிப் பாத்திரமே பாவிப்பதில்லை.

நாங்களும் ஏமாந்திருக்கிறோம். ஒருமுறை நிக்கல் மின்வாயொன்று நாள் போகப்போக மோசமாகாமல் திறமாகிக்கொண்டே வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அதன் மேல் பிளாற்றினம்! மறுபக்கத்தில் துணை மின்வாயாகப் போட்டிருந்த பிளாற்றினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்து இங்கே படிந்திருந்தது. ஐதரசன் எடுப்பதில் பிளாற்றினத்தை மிஞ்ச ஆளில்லை. மூன்று வார வேலை குப்பைக்குப் போனது. இப்போது துணை மின்வாயாக நிக்கல் வலைதான். சோதனை முடிந்ததும் கரைசலில் எந்த உலோகம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்றும் அளக்கிறோம்.

இவற்றை எல்லாம் விட முக்கியம், மின்வாய்க்கு ஓடும்போது வராத ஆபத்து நிற்கும்போது வருகிறது என்பது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரியோடு வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சார்ஜ் இறங்கிய பற்றரியை அப்படியே போட்டு வைத்தால் தகடு செத்துவிடும். தொழிற்சாலை மின்பகுப்புக் கருவியில் பல கலங்கள் அடுக்காக, ஒரே கரைசற் குழாய்களோடு இணைந்திருக்கும். மின் நின்றதும் அந்த அடுக்கே ஒரு பற்றரியாகி, மின்னோட்டம் தலைகீழாகப் பாய்கிறது. அதுவரை ஐதரசன் எடுத்த கதோட்டு இப்போது ஒட்சியேற்றப்படுகிறது. நிக்கலின் மேல் ஐதரொட்சைட்டுப் படலம் வரும், பெறுமதியான மேற்பூச்சு கரைந்து போகும். எரிசோடாத் தொழிற்சாலைகளுக்கு இது பழைய தலைவலி. நிறுத்தும் நேரத்திலும் சிறிய பாதுகாப்பு மின்னோட்டமொன்றைக் கொடுத்துச் சமாளிப்பதுண்டு.

காற்றாலையோடு இணைத்த கருவி எத்தனை தரம் நிற்கும், எத்தனை தரம் எழும்பும்? காற்று விழுந்தால் நிற்கும், மின்தடை வந்தால் நிற்கும். ஆயிரம் மணித்தியாலம் நிற்காமல் ஓடிய கணக்கு இதற்கு விடை சொல்லாது. எமது கரையில் ஐதரசன் திட்டமொன்றைக் கொண்டு வருவோரிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை தரம் நிறுத்தி நிறுத்திச் சோதித்தீர்கள், எந்தச் செறிவில், எந்த வெப்பநிலையில், நிற்கும்போது பாதுகாப்பு மின்னோட்டம் எங்கிருந்து வரும் என்பதையே.

என் மேசையில் இப்போது ஒரு சோதனை ஓடுகிறது. 50 நிமிடம் ஓட்டம், 10 நிமிடம் நிறுத்தம், இரவு பகலாக. முதல் நூறு சுற்றிலேயே, ஓட்டச் சோதனையில் அசையாத மின்வாயொன்றின் வோல்ற்றளவு ஏறத் தொடங்கிவிட்டது.