ஃபர்ம்வேர் அப்டேட்: திரும்பி வர வழி இருக்கா?

பெங்களூரோ, புனேயோ, நொய்டாவோ, சர்வர் வேலை பார்ப்பவர்கள் இருக்கும் நம் வீடுகளில் இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். "ஏங்க, ஒரு அப்டேட் போட ராத்திரி ரெண்டு மணிதான் கிடைச்சுதா?" சாதாரண சாஃப்ட்வேர் என்றால் சொதப்பினாலும் பழையதைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஃபர்ம்வேர் சொதப்பினால் மெஷினே எழுந்திருக்காமல் போகலாம். இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஃபர்ம்வேர் என்ற சொல்லை 1967-ல் டேட்டாமேஷன் பத்திரிகையில் ஆஷர் ஓப்ளர் அறிமுகப்படுத்தினார். ஹார்டுவேருக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவில் நிற்பது என்று பொருள். பிறகு வந்த ஈப்ராம் சிப்பின் தலையில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியே புற ஊதா ஒளி பட்டால்தான் பழசு அழியும். தொல்லைதான், ஆனால் தெரியாத்தனமாக யாரும் அழித்துவிட முடியாது. 1984-ல் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா ஃப்ளாஷ் மெமரியை உலகுக்குக் காட்டினார். அதன் பிறகு, மெஷின் ஓடும்போதே ஃபர்ம்வேரை மாற்றுவது சுலபமானது. நம்மால் முடிந்தால் வைரஸாலும் முடியும் இல்லையா? 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் பயாஸை அழித்து அதை நிரூபித்தது.

லினக்ஸ்காரர்களின் முறை 2008-ல் வந்தது. கெர்னல் 2.6.27-ன் சோதனைப் பதிப்புகளை ஓட்டிய சிலருடைய இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் செத்துப்போயின. பழைய கெர்னலுக்குத் திரும்பியும் பலனில்லை, கார்டுக்குள் இருந்த விவரங்களே கெட்டுவிட்டன. எல்லோரும் சந்தேகப்பட்டது இ1000இ டிரைவரை. உண்மையான குற்றவாளி, கெர்னலை வேவு பார்க்க உதவும் எஃப்-டிரேஸ் என்ற வசதி. ஏற்கெனவே காலி செய்யப்பட்ட ஒரு மெமரி முகவரியில் அது எழுதப் போனது. அதற்குள் அந்த முகவரிக்கு நெட்வொர்க் கார்டு குடிவந்திருந்தது!

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. காரணம் பிடிபடுவதற்கு முன்பே, கார்டின் மெமரியில் யாரும் எழுத முடியாதபடி டிரைவரில் பூட்டுப் போட்டுவிட்டார்கள். முதலில் சேதத்தை நிறுத்து, காரணத்தைப் பிறகு தேடலாம். டிரபிள்ஷூட்டிங்கில் இதைவிட நல்ல பாடம் நான் படித்ததில்லை.

டாஸ் ஃப்ளாபியில் பூட் செய்து பயாஸ் மாற்றிய காலம் போய், 2015-ல் ரெட் ஹாட்டின் ரிச்சர்ட் ஹியூஸ் எஃப்டபிள்யூஅப்டி-யைத் தொடங்கினார். கோப்பு உண்மையானதா, இந்த ஹார்டுவேருக்கு உரியதா என்று பார்த்த பிறகே எழுதும். சரி, இனி வந்ததும் போட்டுவிடலாமா?

2018 ஜனவரியில் ஸ்பெக்டர் ஓட்டைக்காக வந்த மைக்ரோகோடு, சில மெஷின்களைத் தானாக ரீபூட் ஆக வைத்தது. ஜனவரி 22 அன்று இன்டெல்லே "போடுவதை நிறுத்துங்கள்" என்று சொன்னது. லினக்ஸ் பூட் ஆகும்போது ஏற்றும் மைக்ரோகோடு நிரந்தரமில்லை, கரண்டை நிறுத்தினால் போய்விடும். அப்படி ஏற்றியிருந்தவர்கள் பழைய கோப்பை வைத்து பூட் செய்து தப்பினார்கள்.

அப்படியானால் போடாமலே இருக்கலாமா? 2019 நவம்பரில் எச்பிஈ நிறுவனம் ஒரு எச்சரிக்கை விட்டது. சில எஸ்எஸ்டி டிஸ்குகள் 32,768 மணி நேரம், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், டேட்டாவும் கிடைக்காது. ஒரே நாளில் மாட்டிய டிஸ்குகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே போகும் என்பதால் ரெய்டும் காப்பாற்றாது. தீர்வு, அதற்குள் புது ஃபர்ம்வேர் போடுவது மட்டும்தான்.

அவசரப்பட்டாலும் ஆபத்து, சும்மா இருந்தாலும் ஆபத்து. அதனால் நான் செய்வது இதுதான். வெளியீட்டுக் குறிப்பை முழுதாகப் படிப்பேன். பழைய பதிப்பு எண்ணைக் குறித்து, அந்தக் கோப்பையும் பத்திரப்படுத்துவேன். மெஷின் எழாவிட்டாலும் உள்ளே போக ரிமோட் கன்சோல் வேலை செய்கிறதா என்று முதலிலேயே பார்ப்பேன். ஒரு சர்வரில் மட்டும் போட்டு, கெர்னல் லாகைப் படித்து, சில நாள் விட்டு மற்றவற்றுக்குப் போவேன். ஒரே ரெய்டில் உள்ள டிஸ்குகளை ஒரே ராத்திரியில் தொடவே மாட்டேன், கெடு நெருங்கினால் ஒழிய.